ஒப்புக்கு ஓர் இடம்: தமிழகத்தில் ஒடுக்கப்பட்டோரின் அரசியல் பிரதிநிதித்துவமும் பெயரளவுத்தன்மையின் வரலாறும் (1919–2020)

ஆய்வுச் சுருக்கம்

புறக்கணிக்கப்பட்ட ஒரு மக்கட்பிரிவினருக்கு அவைகளில் இடமளித்துவிட்டு, அவ்விடத்திற்குரிய அதிகாரத்தை அளிக்காதிருத்தல் பெயரளவுப் பிரதிநிதித்துவம் எனப்படும். இது பெரும்பாலும் எண்ணிக்கைக் குறைவாகவோ உறுப்பினரின் தகுதிக் குறைவாகவோ விளக்கப்படுகிறது. சென்னை மாகாணத்திலும் பின்னர்த் தமிழ்நாட்டிலும் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதித்துவம் பெற்ற மூன்று வடிவங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அவை 1920 முதல் 1937 வரையிலான நியமனம், பூனா ஒப்பந்தத்தின்வழி வந்த கூட்டுத் தொகுதி ஒதுக்கீடு, 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பிந்தைய ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீடு ஆகியனவாகும். உறுப்பினர் யாரைச் சார்ந்து இருக்கையைப் பெறுகிறார், யாரைச் சார்ந்து அதில் நீடிக்கிறார் என்பதே பெயரளவுத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: பெயரளவுப் பிரதிநிதித்துவம், நியமன உறுப்பினர், பூனா ஒப்பந்தம், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஊராட்சி, மேலவளவு, இடஒதுக்கீடு.

முன்னுரை

சிறுவர் விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்றொரு வழக்கு உண்டு. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டும் கணக்கில் கொள்ளப்படாத சிறுவனை அச்சொல் குறிக்கும். அவன் களத்தில் நிற்பான், ஓடுவான், ஆனால் அவன் பிடிபட்டாலும் தப்பினாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது. உடற்குறையை இழிவாகச் சுட்டும் அச்சொல் இன்று தவிர்க்கத்தக்கது. ஆயினும் அது காட்டும் உறவு கூர்ந்து நோக்கத்தக்கது. சேர்க்கப்பட்டவனின் திறமைக் குறைவால் அந்நிலை தோன்றுவதில்லை. அவனுடைய ஆட்டம் செல்லாது என்று ஏனையோர் முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டால் தோன்றுகிறது.

இதே பொருளில் வழங்கும் 'கண்துடைப்பு' என்னும் சொல் செய்பவரின் நோக்கத்தைச் சுட்டுகிறது. ஒப்புக்குச் சேர்த்தல் என்பது விதியைச் சுட்டுகிறது. பெயரளவுப் பிரதிநிதித்துவம் குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் முதற்பொருளிலேயே நின்றுவிடுகின்றன. இடமளித்தவரின் உள்நோக்கம் ஆராயப்படுகிறது. இடம்பெற்றவரின் துணிவு எடைபோடப்படுகிறது. இடத்தை இயக்கும் விதிகள் அந்த அளவிற்கு ஆராயப்படுவதில்லை. நூறாண்டுக் காலத் தமிழகச் சான்றுகளைக்கொண்டு அவ்விதிகளை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தாக்கப் பின்புலம்

பிரதிநிதித்துவம் பற்றிய அரசியற் கோட்பாட்டில் ஹன்னா பிட்கின் 1967இல் வெளியிட்ட ஆய்வு அடிப்படையானதாகக் கருதப்படுகிறது. அவர் பிரதிநிதித்துவத்தின் பல்வேறு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். முறைப்படி அதிகாரம் பெறுதல், தாம் சார்ந்த மக்களை ஒத்திருத்தல், அவர்களின் அடையாளமாக விளங்குதல், அவர்களின் நலனுக்காகச் செயற்படுதல் என அவை அமையும். ஒருவர் தம் மக்களை முழுவதும் ஒத்திருந்தும் அவர்களின் நலனுக்காகச் செயற்பட இயலாத நிலையில் இருக்கக்கூடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் பெயரளவுத்தன்மை இடம்பெறுகிறது.

சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றை ஆராய்ந்து எண்ணிக்கையின் பங்கை விளக்கினார். ஒரு குழுவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டிற்கும் குறைவாக உள்ளோர் தனிமனிதர்களாக அன்றித் தம் வகையின் மாதிரிகளாகவே நோக்கப்படுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. அவர்களின் ஒவ்வொரு செயலும் மிகையான கவனத்திற்குள்ளாகிறது. பெரும்பான்மையினர் தமக்குள் மேலும் நெருக்கமாகின்றனர். சிறுபான்மையினர் முன்னரே வகுக்கப்பட்ட பாத்திரங்களுக்குள் அடைக்கப்படுகின்றனர். இவ்விளக்கம் பயனுடையதே. எனினும் எண்ணிக்கை உயர்ந்தால் நிலை சீராகும் என்னும் எதிர்பார்ப்பும் இதிலிருந்தே பிறக்கிறது. சென்னை மாகாண வரலாறு அந்த எதிர்பார்ப்பைச் சோதிக்கத் தகுந்த களமாகும். அங்கு ஒடுக்கப்பட்டோரின் எண்ணிக்கை பதினேழு ஆண்டுகளுக்குள் ஐந்திலிருந்து முப்பதாக உயர்ந்தது.

நியமனக் காலம்: 1920–1937

1909ஆம் ஆண்டு மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தின்கீழ் அமைந்த சட்ட சபைகளில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இடமில்லை. 1918ஆம் ஆண்டு மாண்டேகு–செம்ஸ்போர்டு அறிக்கை அவர்களின் பிரதிநிதித்துவத்திற்குரிய ஏற்பாடு செய்யப்படும் என்று உறுதியளித்தது. அதனைத் தொடர்ந்து அமைந்த சவுத்பரோ குழு, மாகாணச் சட்ட சபைகளின் ஏறத்தாழ 800 இடங்களில் 7 இடங்களை மட்டுமே அவர்களுக்கெனப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்திற்கு அதில் கிடைத்தவை 2. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினராகக் கணக்கிடப்பட்டோருக்கு இவ்வளவு குறைந்த இடங்களா என்று இந்திய அரசே 1919 ஏப்ரலில் இலண்டனுக்கு அனுப்பிய மடலில் குறை கூறியது. பெயரளவில் இடமளித்தல் என்னும் சிக்கல் இவ்வாறு ஆட்சியாளரின் ஆவணத்திலேயே பதிவாகியுள்ளது.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான சென்னை மாகாணச் சட்ட சபையில் பிராமணரல்லாதாருக்குத் தேர்தல் வழியாகவே 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அவ்வழி திறக்கப்படவில்லை. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர் உள்ளிட்ட ஒன்பது வகுப்பினருக்கும் சேர்த்து 5 நியமன இடங்களே அளிக்கப்பட்டன. 130 பேரளவிலான அவையில் இது 4 விழுக்காட்டிற்கும் குறைவு. வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டிருந்ததால் தேர்தல்வழி அவர்கள் வெல்ல இயலாது என்பது நியமனத்திற்குச் சொல்லப்பட்ட காரணம். அவர்களை வாக்காளராக்காத விதியே அவர்களுக்கு நியமனம் ஒன்றே வழி என்பதற்கும் காரணமாகக் காட்டப்பட்டது.

கான்டரின் அளவுகோல்படி இந்த ஐவரும் முழுமையான பெயரளவு உறுப்பினராக அமைந்திருக்க வேண்டும். ஆயினும் அவையின் நடவடிக்கைகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. நியமன உறுப்பினரான எம்.சி. ராஜா, 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் பெயர்கள் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டு 'ஆதிதிராவிடர்', 'ஆதிஆந்திரர்' என்பவை வழங்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1922 மார்ச்சில் அதற்கான அரசாணை வெளிவந்தது. 1923இல் நியமனம் பெற்ற இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், அரசு அலுவலகங்கள், சந்தைகள் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் முன்மொழிந்தார். அது நிறைவேறி, அதே ஆண்டு செப்டம்பரில் அரசிதழில் வெளியிடப்பட்டது.

மிகக் குறைந்த எண்ணிக்கையினர், தேர்ந்தெடுக்கப்படாதோர் ஆகிய இவர்கள் இவற்றைச் செய்ய முடிந்தது எவ்வாறு என்பது விளக்கம் வேண்டும் வினா. இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவதாக, அவர்கள் அவைக்கு வரும்போதே அமைப்புப் பின்புலம் உடையவர்களாக இருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையையும் 1893இல் 'பறையன்' இதழையும் தொடங்கியவர். எம்.சி. ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையை முன்னின்று நடத்தியவர். நியமனம் அவர்களைத் தலைவராக்கவில்லை, தலைவராயிருந்தவர்களை நியமித்தது. இரண்டாவதாக, அவர்களின் இருக்கை உள்ளூர் ஆதிக்கச் சாதியினரின் வாக்கைச் சார்ந்திருக்கவில்லை. கிணற்றைப் பொதுவாக்கக் கோரும் உறுப்பினர் அக்கிணற்றை மறிப்போரிடம் வாக்குக் கேட்டு நிற்கத் தேவையிருக்கவில்லை.

எனினும் நியமனத்தின் எல்லையும் தெளிவானது. அவர்களின் சார்பு அரசை நோக்கியது. அரசு விரும்பாவிடில் மறுநியமனம் இல்லை. 1921ஆம் ஆண்டு சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் ஏனையோர்க்கும் மோதல் எழுந்தது. அதன் பின்னர் நீதிக்கட்சித் தலைவர்களுக்கும் எம்.சி. ராஜாவுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. 1923இல் அவர் அக்கட்சியை விட்டு விலகினார். ஆளுங்கட்சியின் ஆதரவின்றி ஐவரின் வாக்குகளால் எதனையும் நிறைவேற்ற இயலாது. நிறைவேறிய தீர்மானத்தைக் களத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்போ, ஒடுக்கப்பட்டோர் குரல் எழ இயலாத உள்ளாட்சி மன்றங்களிடமும் கிராம அலுவலரிடமும் இருந்தது. சென்னை அவையில் பெற்ற உரிமை கிராமத்துக் கிணற்றடியை எட்டவில்லை. பிரதிநிதித்துவம் ஓர் அடுக்கில் மட்டும் இருந்து அடுத்த அடுக்கில் இல்லாதபோது, மேலடுக்கின் வெற்றியும் பெயரளவினதாகிவிடுகிறது என்பதற்கு இது தொடக்கச் சான்று.

1932: எண்ணிக்கையும் தேர்வு முறையும்

வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகக் கலந்துகொண்டனர். இரண்டாம் மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கை முதன்மை பெற்றது. அதற்கு மாறாக எம்.சி. ராஜா, 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கீட்டு இடங்களுடன் கூடிய கூட்டு வாக்காளர் தொகுதியை ஆதரித்தார். நியமன முறையின் குறைகளை நேரில் கண்ட இருவர் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர் என்பது கருதத்தக்கது. இருவரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி யாரால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்?

1932 ஆகஸ்ட் 16 அன்று அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பு, மாகாணச் சட்ட சபைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு 71 தனி வாக்காளர் தொகுதி இடங்களை அளித்தது. அவற்றுள் சென்னைக்கு 18. காந்தியடிகளின் உண்ணாநோன்பைத் தொடர்ந்து செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் இடங்களை 148 ஆக உயர்த்தியது. சென்னையின் பங்கு 30 ஆயிற்று. இதற்கு மாற்றாகத் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. ஒடுக்கப்பட்ட வாக்காளர் மட்டும் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தலில் நால்வர் தேர்ந்தெடுக்கப்படுவர். அந்நால்வருள் ஒருவரைத் தொகுதியின் அனைத்து வாக்காளரும் தெரிவு செய்வர். இம்முதல்நிலைத் தேர்தலும் பத்தாண்டுகளுக்கு மட்டுமே உரியதென வரையறுக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டில் எண்ணிக்கையும் தேர்வுரிமையும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. இடங்கள் 18இலிருந்து 30ஆகப் பெருகின. ஆனால் இறுதித் தெரிவு, எல்லாத் தொகுதிகளிலும் பெரும்பான்மையாக இருந்த பிற வகுப்பு வாக்காளரிடம் சென்றது. முதல்நிலைத் தேர்தலில் தம் மக்களிடம் முதலிடம் பெற்றவர் இறுதித் தேர்தலில் தோற்கவும், நான்காமிடம் பெற்றவர் வெல்லவும் விதி இடமளித்தது. நால்வருக்கு மேல் போட்டியிடாத தொகுதிகளில் முதல்நிலைத் தேர்தலுக்கே தேவை எழவில்லை. இடம் ஒடுக்கப்பட்டோருக்குரியது; அதில் அமர்பவரைத் தீர்மானிக்கும் உரிமை பிறருக்குரியது என்னும் நிலை உருவாயிற்று.

ஒப்பந்தத்திற்கு ஆதரவான வாதமும் புறந்தள்ளத்தக்கதன்று. தனித் தொகுதியில் வென்ற சிறுபான்மையினர் அவையில் தனித்து நிற்க நேரும் என்பதும், பொதுத் தொகுதி வேட்பாளர் எவரும் அவர்களின் வாக்கை நாடவேண்டிய தேவை அற்றுப்போகும் என்பதும் அவ்வாதத்தின் உட்கிடை. கூட்டுத் தொகுதி இரு தரப்பினரையும் ஒருவரையொருவர் நாடச் செய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. அந்த எதிர்பார்ப்பு எந்த அளவு நிறைவேறியது என்பதை 1937க்குப் பிந்தைய நிகழ்வுகளே காட்டுகின்றன.

1937–1939: முப்பது உறுப்பினரும் ஒரு மசோதாவும்

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணக் கீழவையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரசு வென்றது. ஒடுக்கப்பட்டோருக்கான 30 இடங்களில் 26 அக்கட்சிக்குக் கிடைத்தன. இராஜாஜி அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமி பிள்ளை இடம்பெற்றார். ஐந்து நியமன உறுப்பினர் இருந்த இடத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரும் ஓர் அமைச்சரும் இருந்தனர். எண்ணிக்கை அவையின் 14 விழுக்காட்டை எட்டியிருந்தது.

1938இல் எம்.சி. ராஜா இரு மசோதாக்களை முன்வைத்தார். சமூக உரிமைத் தடைகளை நீக்கும் மசோதா அரசின் ஆதரவுடன் சட்டமாயிற்று. கோவில் நுழைவு மசோதாவோ வேறு கதிக்குள்ளாயிற்று. அதனைத் தெரிவுக் குழுவிற்கு அனுப்பும் முன்மொழிவை முதலமைச்சர் இராஜாஜி எதிர்த்தார். மலபார்ப் பகுதிக்கு மட்டும் தனிச் சட்டம் கொண்டுவருவதே உரிய முதற்படி என்பது அவர் நிலைப்பாடு. மசோதா தோற்கடிக்கப்பட்டது. ஒதுக்கீட்டு இடங்களிலிருந்து வந்த காங்கிரசு உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டிற்குட்பட்டு அதற்கு எதிராகவே வாக்களித்தனர். பூனா ஒப்பந்தத்தை ஆதரித்த எம்.சி. ராஜா இது குறித்துக் காந்தியடிகளுக்கு மடல் எழுதினார். காந்தியடிகள் இராஜாஜியின் முடிவையே ஏற்றார். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இம்மடற்போக்குவரத்தை விரிவாக எடுத்துக்காட்டி, கூட்டுத் தொகுதி ஒதுக்கீட்டின் மீதான தம் குற்றச்சாட்டிற்குச் சான்றாக்கினார்.

இந்நிகழ்வை ஒருபக்கமாக வாசித்தல் தகாது. மறு ஆண்டே, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோவில் நுழைவு அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நடைபெற்றது. இராஜாஜி அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது. ஆகவே காங்கிரசு அரசு கோவில் நுழைவிற்கு முற்றிலும் எதிரானதாக இருந்தது எனக் கூற இயலாது. ஆயினும் ஆய்வுக்குரிய வினா சீர்திருத்தம் வந்ததா என்பதன்று. அது எப்போது, எவ்வடிவில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகள் இருந்தனரா என்பதே. 1938இல் தம் மக்களின் உரிமைக்கான மசோதாவின்மீது அவர்கள் தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லை. 1924இல் நியமன உறுப்பினர் ஒருவரால் முன்மொழிந்து நிறைவேற்ற முடிந்த ஒன்றை ஒத்த முயற்சிக்கு, 1938இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரால் துணைநிற்க இயலவில்லை.

இதனை உறுப்பினர்களின் துணிவின்மையாகக் கொள்வது எளிய விளக்கம். அவர்களின் வேட்பாளர் தகுதி கட்சியிடமிருந்து வந்தது. வெற்றி பிற வகுப்பினரின் வாக்கிலிருந்து வந்தது. கட்சியை மீறுவோர் இரண்டையும் இழப்பர். அவர்கள் தம் மக்களைச் சார்ந்திருக்க வேண்டிய தேவையே விதியில் இடம்பெறவில்லை. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, இந்தியா முழுவதும் இருந்த 151 ஒதுக்கீட்டு இடங்களில் 2 மட்டுமே பெற்றமைக்கும் இதே விதி பெருங்காரணமாகும்.

அரசியலமைப்பு உருவாக்கமும் கைவிடப்பட்ட திருத்தமும்

இவ்வனுபவம் அரசியல் நிர்ணய சபையிலும் எதிரொலித்தது. 1947 ஆகஸ்டில் சென்னை மாகாண உறுப்பினரான எஸ். நாகப்பா ஒரு திருத்தத்தை முன்வைத்தார். ஒதுக்கீட்டுத் தொகுதியில் வெல்பவர் தம் வகுப்பினர் அளித்த வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டையேனும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூட்டுத் தொகுதியைக் கைவிடாமலேயே, உறுப்பினரைத் தம் மக்களுக்கும் பொறுப்புடையவராக்கும் இடைவழி அது. திருத்தம் ஏற்கப்படவில்லை. நாட்டுப் பிரிவினையின் நிழலில் நடந்த அவ்விவாதத்தில், வகுப்புவாரி வாக்கெண்ணிக்கை எதுவாயினும் ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. முதல்நிலைத் தேர்தலும் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. ஆகவே பூனா ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த சிறு பாதுகாப்பும் நீங்கியது. ஒதுக்கீட்டு இடம் மட்டும் தொடர்ந்தது.

ஒதுக்கீடு என்பது கீழ் எல்லையா மேல் எல்லையா என்னும் வினா அடுத்து எழுந்தது. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957இல், முன்னாள் சென்னை மாகாணப் பகுதியான பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில், பழங்குடி வேட்பாளர் இருவரும் மிகுதியான வாக்குகள் பெற்றனர். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்திற்கும் மற்றவர் பொது இடத்திற்கும் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. தோல்வியுற்ற வி.வி. கிரி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1959இல் அவ்வறிவிப்பை உறுதி செய்தது. ஒதுக்கீடு பெற்ற பிரிவினர் பொது இடத்திலும் வெல்லலாம் என்னும் நெறி இவ்வாறு நிலைபெற்றது. எனினும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே நீக்கப்பட்டன. அதன்பின் பட்டியல் சாதியினருக்குரியது தனித் தொகுதி மட்டுமே என்னும் வழக்கம் கட்சிகளிடையே வேரூன்றியது. சட்டப்படி கீழ் எல்லையான ஒதுக்கீடு நடைமுறையில் மேல் எல்லையாயிற்று.

ஊராட்சித் தலைவர் பதவி: 1996க்குப் பின்

73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனைப் பின்பற்றித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 1924இன் தீர்மானம் எட்டாத கிராம அடுக்கிற்கு அப்போதுதான் பிரதிநிதித்துவம் வந்தது. சட்ட சபையில் ஓர் இருக்கை என்பது பலருள் ஒருவருக்குரியது. ஊராட்சித் தலைவர் பதவியோ ஊருக்கு ஒன்றே. அதன் கையில் நிதியும் ஒப்பந்தப் பணிகளும் பொதுச் சொத்துகளின் மேலாண்மையும் இருந்தன.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் அதனை எதிர்த்தனர். தேர்தல் இருமுறை தடைபட்டது. பின்னர்க் காவல் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பிய அவரும் உடன் வந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஒப்புக்குத் தலைவராக இருக்க இசைந்திருப்பின் இக்கொலைக்குத் தேவை எழுந்திராது. பதவியை மெய்யாக்க முனைந்தமையே அவர் உயிரைப் பறித்தது. பெயரளவுத்தன்மை என்பது சோம்பலால் விளையும் குறையன்று. வன்முறையால் காக்கப்படும் ஏற்பாடு என்பதை மேலவளவு காட்டுகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் வேறொரு முறை கையாளப்பட்டது. 1996 முதல் 2006 வரை அங்கு அறிவிக்கப்பட்ட தேர்தல்களில் வேட்புமனுவே தாக்கலாகாமலோ, ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய பட்டியல் சாதி வேட்பாளர் வென்று உடனே பதவி விலகியோ தலைவர் இடம் வெறுமையாகவே வைக்கப்பட்டது. ஒதுக்கீட்டு விதி எழுத்தளவில் மீறப்படவில்லை. போட்டியிட்டவரும் வென்றவரும் பட்டியல் சாதியினரே. ஆனால் அவர் வென்றது விலகுவதற்காக. தம் நிலத்திலும் வேலையிலும் பிறரைச் சார்ந்து வாழ்ந்த ஒருவரைக்கொண்டே அவருடைய பிரதிநிதித்துவம் அழிக்கப்பட்டது. 2006 அக்டோபரில் மாவட்ட நிருவாகத்தின் தொடர் முயற்சிக்குப் பின்னரே அவ்வூராட்சிகளில் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தனர். அரசு உறுதியாக நின்றபோது பத்தாண்டுச் சிக்கல் தீர்ந்தது என்பது, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவ்வுறுதி எங்கிருந்தது என்னும் வினாவையும் எழுப்புகிறது.

வன்முறையற்ற இடங்களிலும் பதவியை வெறுமையாக்கும் வழிகள் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்தே கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டிற்குரியது. துணைத்தலைவரோ வார்டு உறுப்பினர்களால் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார். நிதி முறைகேட்டைத் தடுக்க இயற்றப்பட்ட விதி, பெரும்பான்மைச் சாதியினர் கையில் தலைவரைச் செயலற்றவராக்கும் கருவியாகவும் அமையக்கூடும். துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால் பணிகள் நிற்கும். பணிகள் நின்றால் தலைவர் திறமையற்றவர் எனப் பெயரெடுப்பார். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தின்போது தரையில் அமர்ந்திருக்கும் படம் வெளியாகி, வழக்குப் பதியப்பட்டது. தலைவர் தரையிலும் ஏனையோர் நாற்காலியிலும் இருந்த அப்படம் பதவிக்கும் இருக்கைக்கும் இடையிலான தொலைவைக் காட்டியது.

ஒப்பீடு: சார்பின் திசை

மூன்று வடிவங்களையும் ஒருங்கே நோக்குமிடத்து, ஒவ்வொன்றிலும் சார்பு ஒவ்வொரு திசையில் அமைந்திருப்பதைக் காணலாம். நியமன உறுப்பினர் அரசைச் சார்ந்திருந்தார். உள்ளூர் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டிருந்தார். கூட்டுத் தொகுதி உறுப்பினர் கட்சியையும் பெரும்பான்மை வாக்காளரையும் சார்ந்திருந்தார்; அரசின் தயவிலிருந்து விடுபட்டிருந்தார். ஊராட்சித் தலைவர் தம் ஊரிலேயே நிலவுடைமையாளரையும் துணைத்தலைவரையும் சார்ந்திருந்தார். சட்டம் அவருக்கு மற்ற இருவரினும் நேரடியான அதிகாரத்தை அளித்திருந்தது. மூன்றிலும் பொதுவாக இல்லாதது ஒன்றே. பிரதிநிதி தம் மக்களைச் சார்ந்தே இருக்கையைப் பெறவும் இழக்கவும் வேண்டும் என்னும் ஏற்பாடு எவ்வடிவத்திலும் நிலைத்திருக்கவில்லை. 1932இன் முதல்நிலைத் தேர்தலும் 1947இன் நாகப்பா திருத்தமும் அதனை நோக்கிய முயற்சிகள். முன்னது காலவரையறைக்குட்பட்டு மறைந்தது, பின்னது பிறக்கவில்லை.

எண்ணிக்கை பற்றிய கான்டரின் கருத்து இதனால் பொய்யாகிவிடவில்லை. ஐவரால் தீர்மானம் கொண்டுவர முடிந்தது. ஆட்சியைத் திருப்ப முடியவில்லை. ஆனால் எண்ணிக்கை உயர்வு சார்பின் திசையை மாற்றாதவரை, பெயரளவு உறுப்பினரின் தொகை பெருகுவதும் நேரக்கூடும். அதேபோல் அடையாளப் பயன் முற்றிலும் வெறுமையானதன்று. 1922இன் பெயர்மாற்ற அரசாணை உணவோ நிலமோ தரவில்லை. ஆயினும் அரசின் ஏட்டில் ஒரு மக்கள் தாம் விரும்பிய பெயரால் குறிக்கப்படுதல் பிற உரிமைக் கோரிக்கைகளுக்கு அடித்தளமாயிற்று. அடையாளம் தொடக்கமாக அமையும்போது பயனுடையது. அதுவே முடிவாக்கப்படும்போதுதான் பெயரளவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெயரளவுப் பிரதிநிதித்துவத்தை இனங்காண நான்கு வினாக்களை வகுக்கலாம். இருக்கையில் அமர்பவரைத் தேர்ந்தெடுப்போர் யார்? அவரை நீக்க வல்லோர் யார்? அவர் முடிவை அவருக்கு மேலோ இணையாகவோ இருந்து தடுக்கும் கையொப்பம் யாருடையது? அவர் பதவியை மெய்யாகப் பயன்படுத்தினால் நேரும் பகையிலிருந்து அவரைக் காப்போர் யார்? இந்நான்கிற்கும் விடை, அவர் பிரதிநிதியாக நிற்கும் மக்களுக்கு வெளியிலேயே அமைந்தால், எண்ணிக்கை எவ்வளவாயினும் அது ஒப்புக்கு அளித்த இடமே. சட்டமன்றம், ஊராட்சி ஆகியவற்றிற்கு மட்டுமன்றிப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, தேர்வுக்குழு, நிறுவன இயக்குநர் அவை என இடமளித்தலைப் பெருமையாகப் பேசும் எந்த அமைப்பிற்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இடம்பெற்றவரைக் குறைகூறும் வழக்கத்தையும் இவ்வரலாறு மறுபரிசீலனைக்குள்ளாக்குகிறது. 1938இல் மசோதாவிற்கு எதிராகக் கைதூக்கியவரும், பாப்பாபட்டியில் வென்றவுடன் விலகியவரும், காசோலை கையொப்பமாகாமல் காத்திருந்தவரும் தனிமனித பலவீனத்தின் சான்றுகளல்லர். அவர்களை அந்நிலையில் நிறுத்திய விதிகளின் சான்றுகள். விதியை மாற்றாமல் ஆளை மாற்றுவதால் அந்நிலை மாறாது. இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்திற்கும் முருகேசனின் கொலைக்கும் இடையே 73 ஆண்டுகள் கடந்துள்ளன. இடம் அளிக்கப்பட்டதா என்னும் வினா அக்காலத்திற்குள் விடை பெற்றுவிட்டது. அளிக்கப்பட்ட இடம் செல்லுபடியாகிறதா என்னும் வினா ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒவ்வோர் அவையிலும் இன்னும் விடையை வேண்டி நிற்கிறது.